பீரங்கிக்காகக் கட்டிய உடல்: போர்க்கப்பலை விமானந்தாங்கியாக மாற்றுவதன் பொறியியல் கணக்கு

1922 பிப்ரவரி 6 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான கடற்படை ஒப்பந்தம், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளின் பெரும்போர்க்கப்பல் போட்டிக்குக் கடிவாளம் போட்டது. கட்டுதளங்களில் அரைகுறையாக நின்ற கப்பல்களை உடைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஒப்பந்தமே ஒரு மாற்றுவழியையும் விட்டுவைத்திருந்தது. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் எடை 27,000 டன்னைத் தாண்டக்கூடாது என்று பொதுவிதி வகுத்த ஒப்பந்தம், உடைக்க வேண்டிய கப்பல்களில் இரண்டை மட்டும் 33,000 டன் வரை எடையுள்ள விமானந்தாங்கிகளாக மாற்றிக்கொள்ள அனுமதித்தது. அமெரிக்காவின் லெக்ஸிங்டனும் சாரடோகாவும், ஜப்பானின் அகாகியும் காகாவும் இப்படித்தான் வந்தன. பிரான்ஸின் பெயார்ன், பிரிட்டனின் கரேஜியஸ், குளோரியஸ் ஆகியவையும் இதே காலத்தில் உருமாறியவை. செலவழித்த பணம் வீணாகவில்லை, வாங்கிய எஃகு வீணாகவில்லை, நாட்டுக்குப் புதுவகைக் கப்பலும் கிடைத்தது என்று அரசுகள் மனநிறைவு கொண்டன. அன்றுமுதல் இன்றுவரை ஒவ்வொரு தலைமுறையிலும் ஏதேனும் ஒரு கடற்படை இந்த யோசனைக்குத் திரும்பி வந்திருக்கிறது. பீரங்கிகளைக் கழற்றிவிட்டு மேலே தட்டையாக ஒரு தளம் போட்டால் போதும் என்ற எளிய சித்திரம் அதற்குப் பின்னால் நிற்கிறது. அந்தச் சித்திரம் ஏன் தவறு என்பதை மாற்றப்பட்ட கப்பல்களின் வரலாறே காட்டுகிறது. மாற்றத்தின் வெற்றி, பழைய கப்பல் எவ்வளவு தூரம் கட்டி முடிக்கப்பட்டிருந்தது என்பதற்கு ஏறக்குறைய எதிர்விகிதத்திலேயே இருந்துவந்திருக்கிறது. கையில் இருக்கும் கப்பலில் எவ்வளவு அதிகமாக முடிந்திருக்கிறதோ, அவ்வளவு குறைவாகவே அது மிச்சப்படுத்தும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

உத்திரமாகச் செயல்படும் உடல்

கடலில் செல்லும் ஒரு நீண்ட கப்பலைப் பொறியாளர் முதலில் ஓர் உத்திரமாகவே பார்க்கிறார். பேரலையின் முகடு கப்பலின் நடுவில் வரும்போது இரு முனைகளும் தொங்கி, கப்பல் மேல்நோக்கி வளைகிறது. மேல்தளம் இழுபடுகிறது, அடிப்பகுதி நெருக்கப்படுகிறது. முகடுகள் இரு முனைகளுக்கு வந்து நடுப்பகுதி பள்ளத்தில் இருக்கும்போது இதே விசைகள் தலைகீழாகின்றன. கப்பலின் வாழ்நாளில் இப்படிக் கோடிக்கணக்கான முறை நடக்கும். இந்த வளைவைத் தாங்கும் பொறுப்பு, முனைக்கு முனை தொடர்ச்சியாக ஓடும் ஒரு தளத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. பொறியாளர்கள் அதை வலிமைத் தளம் என்பார்கள். பெரும்போர்க்கப்பலில் இது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பீரங்கிக் கோபுரங்கள் உட்கார்ந்திருக்கும் பிரதானத் தளத்தை ஒட்டியே இருக்கும். விமானந்தாங்கிக்கோ அதற்கு மேலே விமானக் கொட்டகை ஒன்று வேண்டும், சில கப்பல்களில் இரண்டடுக்குக் கொட்டகை. அதற்கும் மேலே விமானத் தளம். ஆக, பழைய கப்பலின் வலிமை முடிகிற இடத்தில்தான் புதிய கப்பலின் வேலையே தொடங்குகிறது.

இங்கே பொறியாளருக்கு இரண்டே வழிகள். கொட்டகையையும் விமானத் தளத்தையும் பழைய உடலின் மேல் வைத்த இலேசான பெட்டியாகக் கட்டலாம். அப்போது அந்தப் பெட்டி வளைவுவிசையில் பங்கெடுக்காதபடி ஆங்காங்கே இடைவெளி விட்டு மூட்டுகள் அமைக்க வேண்டும். அதன் எடை முழுவதும் கப்பலுக்குச் சுமை மட்டுமே. இல்லையென்றால் கப்பலின் பக்கச் சுவர்களை விமானத் தளம் வரை உயர்த்தி, விமானத் தளத்தையே வலிமைத் தளமாக்கலாம். எஃகு முழுவதும் பயனுள்ள வேலை செய்யும். ஆனால் உடலின் சட்டங்கள், தகடுகள் எல்லாவற்றின் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். லெக்ஸிங்டனிலும் சாரடோகாவிலும் அமெரிக்கர்கள் இரண்டாவது வழியை எடுத்தார்கள். அது முடிந்ததற்குக் காரணம், 1922இல் வேலை நிறுத்தப்பட்டபோது அவை இரண்டும் ஏறக்குறைய கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை மட்டுமே கட்டப்பட்டிருந்தன. மாற்றம் என்ற பெயரில் நடந்தது, ஒரு நல்ல அடித்தளத்தின் மீது புதிய கப்பலைக் கட்டியதுதான். முக்கால்பங்கு கட்டி முடித்த கப்பலில் இதே வழியை எடுத்திருந்தால், கட்டியதில் பெரும்பகுதியை முதலில் அறுத்தெடுக்க வேண்டியிருந்திருக்கும். விமானங்களை ஏற்றி இறக்கும் லிஃப்ட்கள் இன்னொரு தொல்லை. ஒரு விமானம் நுழையும் அளவுக்குத் தளத்தில் திறப்பு வெட்டினால், அதன் மூலைகளில் அழுத்தம் குவியும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஆரம்பத்திலேயே வரைபடத்தில் இடம்பெற்ற திறப்பைச் சுற்றித் தடித்த தகடுகளை அமைத்துவிடலாம். முடிந்த தளத்தில் பின்னால் வெட்டும் திறப்புக்கு, அடியில் என்ன குழாய் ஓடுகிறது, எந்தத் தடுப்புச்சுவர் நிற்கிறது என்பதே இடத்தைத் தீர்மானிக்கும்.

எடையும் உயரமும்

பீரங்கிகளை எடுத்துவிட்டால் கப்பல் இலேசாகிவிடும், அந்த எடையைக் கொட்டகைக்குக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கு பொதுவாகச் சொல்லப்படுவது. யமாட்டோ வகைப் போர்க்கப்பலில் ஒரு பீரங்கிக் கோபுரம் மட்டுமே சுமார் 2,500 டன் எடை கொண்டது என்பதை நினைத்தால் இந்தக் கணக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் கப்பலின் நிலைத்தன்மை எடையோடு உயரத்தையும் சேர்த்தே பார்க்கும். நெல்மூட்டை ஏற்றிய வண்டி குண்டும் குழியுமான பாதையில் நிதானமாகப் போய்விடும். அதில் பாதி எடைகூட இல்லாத வைக்கோல் பாரம் வண்டியைக் குடைசாய்த்துவிடும். கனமான கோபுரம் தாழ இருந்தது. இலேசான கொட்டகையோ அதைவிடப் பல மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் பரந்த பக்கச் சுவர்கள் பாய்மரம்போலக் காற்றையும் வாங்குகின்றன. எரிபொருள் தீரத் தீர அடிப்பாரம் குறைந்து, கப்பல் மேலும் தளும்பும். ஆகவே மாற்றப்பட்ட கப்பல்களுக்கு நீர்மட்டத்தில் அகலத்தைக் கூட்டும் பக்கப் புடைப்புகள் பெரும்பாலும் தேவைப்பட்டன.

இதற்குத் தெளிவான சான்று அமெரிக்காவின் இன்டிபென்டன்ஸ் வகை. 1942 ஜனவரியில், கிளீவ்லாந்து வகை இலகு குரூசர் ஒன்றை விமானந்தாங்கியாக முடிக்க உத்தரவு பிறந்தது; தொடர்ந்து மொத்தம் ஒன்பது குரூசர்கள் நியூஜெர்சியின் கேம்டன் கட்டுதளத்தில் இப்படி மாறின. குரூசர் என்பது வேகத்துக்காக ஒடுக்கமாக வார்த்த உடல். அதன் அகலம் 66 அடிதான். கொட்டகை ஏறியதும் அந்த அகலம் போதவில்லை. பக்கப் புடைப்புகள் சேர்த்து 71 அடிக்குமேல் கொண்டுவந்தார்கள். அப்படியும் மேலே அமைந்த விமானத் தளம் சுமார் 73 அடி அகலமும் 552 அடி நீளமும் கொண்ட குறுகிய பாதையாகவே இருந்தது. புடைப்பு அகலத்தைத் தந்தது. பதிலுக்கு வேகத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. பெரிய கப்பலுக்கும் இந்தத் தொல்லை வேறு வடிவில் வந்தது. லெக்ஸிங்டனின் கட்டளை மேடையும் மாபெரும் புகைபோக்கியும் எட்டு 8 அங்குலப் பீரங்கிகளும் வலப்புறமாக ஒதுங்கி நின்றன. அந்தப் பாரத்துக்கு ஈடுகட்ட இடப்புறத் தொட்டிகளில் எண்ணெயை அப்படியே விட்டுவைக்க வேண்டியிருந்தது. தொலைதூரம் செல்வதற்காகச் சுமந்த எரிபொருளில் ஒருபகுதி, கப்பலை நிமிர்த்தி வைக்கும் பாரமாகவே கிடந்தது. 1942இல் அந்தப் பீரங்கிகளை இரு கப்பல்களிலிருந்தும் கழற்றினார்கள். சாரடோகாவின் வலப்புறத்தில் பெரிய புடைப்பு ஒன்றையும் சேர்த்தார்கள். கட்டி முடித்துப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் முதல் நாள் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தார்கள் என்று பொருள்.

புகையும் காற்றும்

எடைக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிடலாம். காற்றின் கணக்கைப் பிரிட்டனின் ஃபியூரியஸ் கப்பல் உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றுத்தந்தது. 18 அங்குலப் பீரங்கிகளுக்காகக் கட்டப்பட்ட வேகமான குரூசர் அது. 1917இல் முன்பக்கப் பீரங்கியை அகற்றி, அங்கே சுமார் 70 மீட்டர் நீளத்தில் விமானங்கள் கிளம்பும் தளம் போட்டார்கள். கிளம்ப முடிந்தது, இறங்க இடமில்லை. கப்பலின் நட்டநடுவே கட்டளை மேடையும் புகைபோக்கியும் நின்றன. 1917 ஆகஸ்ட் 2 அன்று எட்வின் டன்னிங் என்ற விமானி, கப்பல் காற்றை எதிர்த்து முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, தன் சோப்வித் பப் விமானத்தைக் கட்டளை மேடையைச் சுற்றி ஓட்டிவந்து, பக்கவாட்டில் சறுக்கி முன்தளத்தின் மேல் கொண்டுவந்தார். கப்பலின் வேகமும் எதிர்க்காற்றும் சேர்ந்து விமானத்தை ஏறக்குறைய நின்ற நிலைக்குக் கொண்டுவர, தளத்தில் காத்திருந்தவர்கள் பாய்ந்து வார்களைப் பிடித்து அதைக் கீழே இழுத்து நிறுத்தினார்கள். ஓடும் கப்பலின் மேல் விமானம் இறங்கியது உலகில் அதுவே முதல்முறை. ஐந்து நாள் கழித்து மறுபடி முயன்றபோது விமானம் தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. டன்னிங் மூழ்கி இறந்தார்.

கடற்படை எடுத்த அடுத்த முடிவு, பின்பக்கப் பீரங்கியையும் அகற்றி அங்கே தனியாக இறங்குதளம் ஒன்று போடுவது. முன்னால் கிளம்பலாம், பின்னால் இறங்கலாம், நடுவில் பழைய கப்பல் அப்படியே இருக்கலாம். காகிதத்தில் அழகாக இருந்த இந்த ஏற்பாடு கடலில் தோற்றது. கட்டளை மேடையில் மோதிச் சிதறிய காற்றுச் சுழல்களும் புகைபோக்கியின் வெப்பவாயுவும் சரியாக இறங்குதளத்தின் மேல்தான் படிந்தன. இறங்க முயன்ற விமானங்களில் பெரும்பாலானவை நொறுங்கின. 1918 ஜூலையில் ஃபியூரியஸிலிருந்து கிளம்பிய ஏழு விமானங்கள் ஜெர்மனியின் டோன்டெர்ன் வான்கப்பல் தளத்தைத் தாக்கச் சென்றன. அது வெற்றிகரமான தாக்குதல். ஆனால் ஒரு விமானம்கூடக் கப்பலில் வந்து இறங்கவில்லை; சில கடலில் இறங்கின, சில டென்மார்க்கில் தரைதொட்டன. கடைசியில் 1921 முதல் 1925 வரை மேடை, கொடிமரம், புகைபோக்கி எல்லாவற்றையும் வழித்தெடுத்து, தட்டையான தளமும் இரண்டடுக்குக் கொட்டகையும் கட்டி, புகையை நீண்ட குழாய்கள் வழியாகப் பின்முனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரே கப்பல், எட்டாண்டுகளில் மூன்று முறை உருமாற்றம். முதல் இரண்டும் தோற்றதற்குக் காரணம் ஒன்றுதான்: பழைய கப்பலில் முடிந்தவரை விட்டுவைக்க நினைத்தது.

புகையைப் பின்முனைக்குக் கொண்டுபோவதும் முழுத் தீர்வாக இல்லை. கொதிகலன்கள் கப்பலின் நடுவில், கவசச் சுவர்களுக்குள் இருக்கின்றன; அவற்றை நகர்த்த முடியாது. ஜப்பானின் காகாவில் இரு பக்கங்களிலும் நீண்ட புகைக்குழாய்களைப் பின்னோக்கி ஓட்டியபோது, அவற்றை ஒட்டியிருந்த மாலுமிகளின் அறைகள் தங்கமுடியாத அளவுக்குச் சூடாயின. 1934-35 மறுகட்டுமானத்தில் அந்தக் குழாய்களை எடுத்துவிட்டு, அகாகியில் இருந்ததுபோல வலப்புறத்தில் கீழ்நோக்கி வளைந்த புகைபோக்கியை வைத்தார்கள். மூன்று அடுக்காகப் போட்ட விமானத் தளங்களை ஒரே நீண்ட தளமாக்குவதற்காகக் காகாவும், பின்னர் 1935 முதல் 1938 வரை அகாகியும் கட்டுதளத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இன்னொரு தகவலும் இங்கே முக்கியம். அகாகியோடு மாற்றுவதாக இருந்த கப்பல் அமாகி. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் யோகோசுகா கட்டுதளத்திலேயே அது சேதமடைந்து பயனற்றுப் போனதால்தான் காகா என்ற வேகம் குறைந்த பெரும்போர்க்கப்பலின் உடல் அந்த இடத்துக்கு வந்தது. எந்த உடலை மாற்றுவது என்பதை முடிவு செய்தது பொறியியல் தேவை அல்ல. ஒப்பந்தமும் நிலநடுக்கமும் எதை மிச்சம் வைத்தனவோ அதுவே.

உள்ளே இருக்கும் இடம்

விமானந்தாங்கியின் மதிப்பு அது எத்தனை விமானங்களைச் சுமந்து, எவ்வளவு விரைவாக அவற்றை இயக்குகிறது என்பதில் இருக்கிறது. அதற்கு வேண்டியது வெற்றிடம். போர்க்கப்பலின் உடலோ வெற்றிடத்தைக் குறைப்பதற்காகவே வரையப்பட்டது. குண்டுகளும் வெடிமருந்தும் கோபுரங்களுக்கு நேர்க்கீழே ஆழத்தில், கவசத்துக்குள். கொதிகலனும் எந்திரமும் நடுவில். டார்பிடோ வெடிப்பைத் தாங்கப் பக்கங்களில் அடுக்கடுக்காகத் தடுப்பறைகள். விமானப் பெட்ரோலுக்குத் தொட்டி, குண்டுகளை மேலே ஏற்ற லிஃப்ட், உதிரிப் பாகங்களுக்கு அறை, விமானிகளுக்கும் பழுதுபார்ப்போருக்கும் தங்குமிடம் என்று எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை. அவை எல்லாம் பழைய சுவர்களுக்கிடையே இடுக்கில்தான் புகுந்தாக வேண்டும்.

இதன் விலையை எண்களாகவே காணலாம். 33,000 டன் என்று அறிவிக்கப்பட்டு உண்மையில் அதைவிடக் கனமாக இருந்த லெக்ஸிங்டன் சுமார் 78 விமானங்களைச் சுமந்தது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பட்டு 1934இல் படையில் சேர்ந்த ரேஞ்சர், அதில் பாதி எடைகூட இல்லாமல், 14,500 டன்னில் ஏறக்குறைய அதே எண்ணிக்கையைச் சுமந்தது. ரேஞ்சருக்குக் கவசம் மிகக் குறைவு, பெருங்கடலில் அது தடுமாறியது என்பதும் உண்மை. டன் கணக்கு மட்டும் கப்பலின் தகுதியைச் சொல்லாது. ஆனால் எடையைப் பாதியாக்கிய பின்னும் விமானங்கள் குறையவில்லை என்றால், பெரிய உடலின் பெரும்பகுதி எதற்குப் பயன்பட்டது என்ற கேள்வி எழத்தான் செய்யும். இந்தக் கேள்வியின் உச்சம் ஷினானோ. யமாட்டோ வகையின் மூன்றாம் கப்பலாகத் தொடங்கி, 1942 ஜூனில் மிட்வே தோல்விக்குப் பின் விமானந்தாங்கியாக மாற்ற முடிவான அது, ஏறத்தாழ 62,000 டன் எடையில் 47 விமானங்களைத் தனக்கென்று வைத்துக்கொள்ளத் திட்டமிடப்பட்டது. அதே நாடு விமானந்தாங்கியாகவே கட்டிய ஷோகாகு, 26,000 டன்னுக்கும் குறைவான எடையில் 72 விமானங்களை இயக்கியது. ஷினானோவைப் பிற கப்பல்களுக்குத் துணையாக நிற்கும் கவச மிதவைத் தளமாக வகுத்தார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் அந்தப் பாத்திரமே, பாதி கட்டி முடிந்திருந்த பெரும்போர்க்கப்பல் உடலால் வேறெதுவும் சிறப்பாகச் செய்ய முடியாது என்பதிலிருந்து எழுந்த சமரசம்தான்.

ஷினானோவின் முடிவு, மாற்றத்தின் இன்னொரு பலவீனத்தையும் காட்டுகிறது. ஒரு கப்பலின் நீர்ப்பாதுகாப்பு, ஒவ்வொரு சுவரிலும் குழாயும் கம்பியும் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு இடமும் அடைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தது. பாதி வழியில் வரைபடம் மாறிய கப்பலில் அந்தத் துளைகள் பெருகும். 1944 நவம்பர் 19 அன்று படையில் சேர்க்கப்பட்ட ஷினானோவில் காற்றழுத்தச் சோதனைகள் கைவிடப்பட்டிருந்தன. நீர் புகாத கதவுகள் பல பொருத்தப்படவில்லை. குழாய் செல்லும் துளைகள் அடைபடவில்லை. நவம்பர் 29 அதிகாலையில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஆர்ச்சர்ஃபிஷ் ஏவிய நான்கு டார்பிடோக்கள் தாக்கின. உடனே மூழ்கடிக்கும் அடி அல்ல அது. ஆனால் நீர் அறைக்கு அறை தடையின்றிப் பரவியது. சுமார் ஏழு மணி நேரத்துக்குப் பின் கப்பல் புரண்டது. படையில் இருந்தது பத்தே நாள். அவசரம் இதற்கு முதல் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாற்றம் என்ற வழியை நாடுகள் தேர்ந்தெடுப்பதே அவசரத்தில்தான். ஆகவே அவசரத்தின் குறைகளை மாற்றத்தின் கணக்கிலிருந்து பிரித்து ஒதுக்க முடியாது. எல்லா அழிவையும் இந்தக் கணக்கில் எழுதுவதும் முறையல்ல. 1942 மே 8 அன்று பவளக் கடலில் லெக்ஸிங்டன், டார்பிடோ அதிர்ச்சியில் பெட்ரோல் தொட்டிகள் விரிசல் விட்டு, ஆவி பரவி வெடித்து அழிந்தது. விமானந்தாங்கியாகவே பிறந்த தைஹோவும் 1944 ஜூனில் அதே விதமாகத்தான் அழிந்தது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு, போர் வரலாற்றிலிருந்தே வரும். மாற்றப்பட்ட கப்பல்கள் நன்றாகப் போரிட்டன அல்லவா? 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய ஜப்பானியப் படையின் தலைமைக் கப்பல் அகாகி. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் அப்படையின் விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் ஹெர்மெஸ், விமானந்தாங்கியாகவே வரையப்பட்ட தொடக்ககாலக் கப்பல்களில் ஒன்று. மாற்றப்பட்டது வென்றது, மாற்றப்படாதது மூழ்கியது. ஆனால் அன்று ஹெர்மெஸில் ஒரு விமானம்கூட இல்லை; 11,000 டன்னுக்கும் குறைந்த அந்தச் சிறு கப்பலைப் பெரும்படை ஒன்று எதிர்கொண்டது. அகாகியின் வெற்றிக்கு அதன் நீளமும் வேகமும் காரணம். அது போர்க் குரூசராகத் தொடங்கிய உடல். இந்த இடத்தில் வாதத்தைச் சற்றுக் கூர்மையாக்க வேண்டும். விமானம் கிளம்பத் தளத்தின் மேல் எதிர்க்காற்று வேண்டும். அதைத் தருவது கப்பலின் வேகம். வேகமும் நீளமும் ஏற்கனவே விமானந்தாங்கிக்கு ஏற்றபடி அமைந்திருந்த லெக்ஸிங்டனும் அகாகியும் நல்ல விமானந்தாங்கிகளாகத் தேறின. பெரும்போர்க்கப்பல் உடலோடு 21.5 நாட் வேகத்தில் நின்றுவிட்ட பெயார்ன், போர்க்காலத்தில் விமானங்களை ஏற்றிச்செல்லும் சரக்குக் கப்பலாகவே முடிந்தது. தளமும் கொட்டகையும் பின்னால் சேர்க்கக்கூடியவை. உடலின் வடிவத்தை யாரும் பின்னால் சேர்க்க முடியாது.

இரண்டாம் மறுப்பு காலத்தைப் பற்றியது. போர்க்காலத்தில் ஓராண்டு முந்திக் கிடைக்கும் குறையுள்ள கப்பல், பிந்தி வரும் சிறந்த கப்பலைவிட மேலானது அல்லவா? இது கனமான மறுப்பு. 1943இல் இன்டிபென்டன்ஸ் வகையின் ஒன்பது கப்பல்களும் படையில் சேர்ந்தன. 1944 ஜூனில் பிலிப்பைன் கடல் போரில் நின்ற 15 அமெரிக்க விமானந்தாங்கிகளில் எட்டு இந்த வகை. அவை இல்லாமல் அந்தப் போர் வேறு விதமாகப் போயிருக்கலாம். ஆனால் காலம் எவ்வளவு மிச்சமானது என்பதைத் தேதிகளிடம் கேட்க வேண்டும். குரூசராகக் கட்டத் தொடங்கிய இன்டிபென்டன்ஸின் வேலை 1941 மே 1 அன்று ஆரம்பித்து, 1943 ஜனவரி 14 அன்று படையில் சேர்ந்ததோடு முடிந்தது. முழு அளவு விமானந்தாங்கியான எஸெக்ஸின் வேலை அதற்கு மூன்று நாள் முன், 1941 ஏப்ரல் 28 அன்று ஆரம்பித்தது. அது 1942 டிசம்பர் 31 அன்றே படையில் சேர்ந்துவிட்டது. 27,000 டன்னில் சுமார் 90 விமானங்களைச் சுமந்த கப்பல், 11,000 டன்னில் முப்பதுக்குச் சற்று மேல் சுமந்த கப்பலை இரண்டு வாரம் முந்திவிட்டது. 1943இல் எஸெக்ஸ் வகையில் மேலும் ஆறு வந்தன. இன்டிபென்டன்ஸ் வகையின் உண்மையான பயன், குரூசர் கட்டுதளங்களின் உழைப்பையும் எந்திரங்களையும் விமானந்தாங்கிப் பணிக்குத் திருப்பியது. பெரிய கப்பல்களுக்கு மேல் கூடுதலாகக் கிடைத்த எண்ணிக்கை அது. ஒரு கப்பலுக்கு ஒரு கப்பல் என்று பார்த்தால், மாற்றம் காலத்தை மிச்சப்படுத்துகிறது என்ற நம்பிக்கைக்கு அந்தத் தேதிகள் இடம் தரவில்லை. போர் முடிந்ததும் அமெரிக்கா இவற்றை விரைவில் ஒதுக்கியதும், எஸெக்ஸ் வகையை ஜெட் காலத்துக்கேற்ப மேம்படுத்திப் பல்லாண்டு இயக்கியதும், உடலில் வளர இடம் இருப்பதன் மதிப்பைக் காட்டுகின்றன.

அரைகுறை மாற்றமே இரு பயனையும் தரும் என்றொரு யோசனையும் உண்டு. ஜப்பான் மிட்வேக்குப் பின் இஸே, ஹியூகா ஆகிய பெரும்போர்க்கப்பல்களின் பின்பக்கக் கோபுரங்கள் இரண்டை அகற்றி, அங்கே சிறு கொட்டகையும் தளமும் கட்டியது. 22 விமானங்களை விசைக்கருவியால் ஏவலாம்; திரும்ப இறக்க இடமில்லை. 1944 அக்டோபரில் எங்கானோ முனைப் போருக்கு அவை விமானங்களே இன்றிச் சென்றன. மூன்றில் ஒரு பங்குப் பீரங்கிபலத்தை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஒன்றும் பெறாத பேரம் அது. இதற்கு மறுகோடியில், மாற்றத்தை மனத்தில் வைத்தே கட்டிய கப்பல்கள் உண்டு. அதே ஜப்பான் 1930களில் நீர்மூழ்கித் துணைக்கப்பல்களாகத் தொடங்கிய ஸுய்ஹோவும் ஷோஹோவும், தேவைப்பட்டால் விமானந்தாங்கியாக்கலாம் என்று முன்கூட்டியே வரையப்பட்டவை. ஒப்பந்தக் கட்டுப்பாடு நீங்கியபின் பெரிய குழப்பமின்றி உருமாறின. இன்று அதே நாட்டின் இஸுமோ, பழைய பெயரையே தாங்கிய புதிய காகா என்னும் ஹெலிகாப்டர் கப்பல்கள் எஃப்-35பி விமானங்களுக்காக மாற்றப்படுகின்றன. செங்குத்தாக இறங்கும் விமானம் வந்துவிட்டதால் பழைய தடைகள் நீங்கிவிட்டன என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் அந்தக் கப்பல்களுக்கு முழுநீளத் தட்டைத் தளமும், வலப்புறம் ஒதுங்கிய கட்டளை மேடையும், லிஃப்ட்களும் பிறவியிலேயே இருந்தன. மாற்றத்தில் செய்தது, தளத்துக்கு வெப்பம் தாங்கும் பூச்சும் முன்முனைக்கு அகன்ற சதுர வடிவமும் கொடுத்தது போன்ற வேலைகள். தோற்றத்திலும் உடலிலும் ஏற்கனவே விமானந்தாங்கியாக இருந்ததை விமானந்தாங்கி ஆக்கினார்கள். எளிதாக நடந்ததில் வியப்பில்லை.

விக்ரமாதித்யாவின் பாடம்

இந்தியாவுக்கு இது படித்துவிட்டு மறக்கும் பழங்கதை அல்ல. 1987இல் சோவியத் படையில் பாக்கு என்ற பெயரில் சேர்ந்து, பின்னர் அட்மிரல் கோர்ஷ்கோவ் ஆன கப்பல், முழுமையான விமானந்தாங்கி அல்ல. ஏவுகணைக் குரூசரும் விமானந்தாங்கியும் கலந்த வடிவம். அதன் முன்பகுதி முழுவதையும் 12 கப்பலெதிர்ப்பு ஏவுகணைக் குழாய்களும் பீரங்கிகளும் அடைத்திருந்தன. செங்குத்தாக எழும் யாக்-38 விமானங்களுக்கான சாய்வுத் தளம் மட்டும் பக்கவாட்டில் இருந்தது. 2004 ஜனவரி 20 அன்று ரஷ்யாவுடன் இந்தியா கையெழுத்திட்ட உடன்பாட்டில் கப்பல் இலவசம், மாற்றும் செலவு 97.4 கோடி டாலர், ஒப்படைப்பு 2008 என்று பேச்சு. மிக்-29கே விமானம் ஓடிக் கிளம்பவும் கம்பியில் மாட்டி நிற்கவும் வேண்டுமென்றால், முன்பகுதியை முழுவதும் வழித்து 14 டிகிரி ஏற்றம் கட்ட வேண்டும், பக்கங்களில் தளத்தை விரிக்க வேண்டும், இறங்கும் பகுதியின் அடியில் விமானம் இழுக்கும் விசையைத் தாங்கும் எந்திரங்களைப் புகுத்த வேண்டும். வேலை தொடங்கிய பிறகுதான் எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதே தெரியவந்தது. 234 புதிய உடற்பகுதிகளும் 2,500 டன் எஃகும் தேவைப்பட்டன. 2012 கடலோட்டத்தில் எட்டுக் கொதிகலன்களில் ஏழு, வெப்பக் காப்பு சிதைந்து பழுதாயின. 2013 நவம்பர் 16 அன்று செவெரொட்வின்ஸ்க்கில் ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவாக ஒப்படைக்கப்பட்டபோது விலை சுமார் 235 கோடி டாலர் ஆகியிருந்தது. இலவசமாகக் கிடைத்த உடலுக்குப் புதுக்கப்பல் விலை கொடுத்தோமா என்ற கேள்வியை இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2009 அறிக்கை வெளிப்படையாகவே எழுப்பியது.

இதற்கும் மறுபக்கம் உண்டு. இந்தியாவின் முதல் விமானந்தாங்கியான பழைய விக்ராந்த் 1997 ஜனவரியில் ஓய்வுபெற்றது, அடுத்த விமானந்தாங்கியான விராட் முதுமையடைந்துகொண்டிருந்தது, கொச்சியில் 2009இல் கட்டத் தொடங்கிய புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்றுதான் படையில் சேர்ந்தது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாகக் கட்டியும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் விமானிகளின் பயிற்சி அறுபடாமல் காத்தது விக்ரமாதித்யா. அந்தப் பயனை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பயனுக்காக எடுத்த முடிவை, மலிவானது என்ற பெயரில் எடுத்ததுதான் பிழை. அவசரத் தேவைக்கு அதிக விலை கொடுப்பது நியாயமான முடிவாக இருக்கலாம். அதிக விலை என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

ஆகவே ஒரு போர்க்கப்பலை மாற்றலாமா என்று முடிவு செய்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த வரலாறே வரிசைப்படுத்தித் தருகிறது. உடலின் நீளமும் வேகமும் விமானத்துக்குப் போதுமா? மேலேறும் எடைக்கு அகலம் தாங்குமா? புகை எந்த வழியாக வெளியேறும்? எரிபொருளுக்கும் குண்டுகளுக்கும் பாதுகாப்பான இடம் எங்கே? வலிமைத் தளத்தை உயர்த்த முடியுமா, முடியாதென்றால் அந்தச் சுமையைப் பழைய உடல் ஏற்குமா? இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஏற்கனவே செலவான பணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பார்க்கும் துணிவு நமக்கு இருக்கிறதா? கட்டுதளத்தில் நிற்கும் எஃகு, கண்ணுக்குத் தெரியும் சேமிப்பு. அதை அறுத்து எடுக்கும் உழைப்பும், இடுக்கில் புகுத்திய குழாய்களும், பதினான்கு ஆண்டு கழித்துச் சேர்த்த புடைப்பும், இறக்க முடியாத விமானங்களும் கண்ணுக்குத் தெரியாத கடன். அந்தக் கடனை முதலிலேயே எழுதிவைத்துப் பார்த்தும் மாற்றமே ஆதாயம் என்று தேறினால் தயங்காமல் மாற்றலாம். லெக்ஸிங்டனைப்போலக் கால்பங்கில் நின்ற உடலுக்கும், ஸுய்ஹோவைப்போல முன்யோசனையோடு வரைந்த உடலுக்கும் அப்படித் தேறும். முழுதாக முடிந்த உடலுக்குத் தேறுவது அரிது. தேறியதாகக் காட்டும் மதிப்பீடு வந்தால், அதில் எந்தச் செலவு விடுபட்டிருக்கிறது என்று தேடுவதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.